ஆறாவது காரணம்

'ஜெர்மனியில் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்ததற்கான காரணங்களை எழுதுக.' ஐந்து மதிப்பெண் கேள்வி.

எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். வெர்சேல்ஸ் உடன்படிக்கை தந்த அவமானம், பணவீக்கம், வேலையின்மை, பலவீனமான அரசு, ஹிட்லரின் பேச்சாற்றல். ஐந்து குறிப்பு, ஐந்து அடிக்கோடு, ஐந்து மதிப்பெண். 'இரு உலகப்போர்களுக்கு இடையில் உலகம்' என்ற பாடத்தை ஒரு வாரத்தில் ஓட்டி முடித்துவிட்டு, இந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "இத மட்டும் உருப்போட்டுட்டுப் போங்கல, போதும்" என்று சொன்ன வாத்தியார்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன்.

சாயங்காலம் பள்ளி விட்டதும், சங்கரன்கோவில் - திருநெல்வேலி ரோட்டோரம், பனவடலிசத்திரம் டீக்கடை பெஞ்சில் அதே வாத்தியார் உட்கார்ந்திருப்பான். பேப்பரில் லஞ்சச் செய்தி இருக்கும், கொள்ளைச் செய்தி இருக்கும். யாராவது ஒருவர் பேப்பரை மடித்துப் போட்டுவிட்டுச் சொல்வார்: "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வரணும் அண்ணாச்சி. அப்பத்தான் உருப்படும்." நாங்கள் தலையாட்டுவோம். தலையாட்டப் பிடிக்காதவர்கள் கிளாஸை வைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்போம். காலையில் கரும்பலகையில் எழுதிய ஐந்து காரணங்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வந்ததில்லை.

இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது மரியாதைப் பன்மை அல்ல. வாத்தியார், உரக்கடைக்காரர், பஞ்சாயத்தில் உறுப்பினராக இருந்தவர், கட்சிக்கொடி கட்டியவர், கோவில் கொடைக்கு வரி பிரித்தவர், வெளியூரில் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர். பனவடலிசத்திரத்திலும் சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்களிலும் நாலு பேர் மதிக்கிற இடத்தில் இருக்கும் நாங்கள். எங்கள் கணக்கைத்தான் இங்கே எடுத்து வைக்கிறோம். அந்த ஐந்து காரணங்களின் வரிசையிலேயே வைக்கலாம்.

முதல் காரணம், வெர்சேல்ஸ். 1919 ஜூன் 28-இல் கையெழுத்தான அந்த உடன்படிக்கை ஜெர்மனியைக் கசக்கிப் பிழிந்தது உண்மை. நிலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு போனது. படை ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது என்றானது. முதல் உலகப்போரின் பொறுப்பும் ஜெர்மனி தலையில் விழுந்தது. 1921-இல் இழப்பீடாக 13,200 கோடி தங்க மார்க் என்று கணக்குச் சொன்னார்கள். இவ்வளவையும் நடத்தினோம். நடத்தாமல் விட்டது, தோற்றோம் என்பதையே அந்த நாட்டில் ஏராளமானோர் நம்பவில்லை என்பதை.

1918 செப்டம்பர் கடைசியில், இனித் தாங்காது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை நெருக்கியவர்கள் தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடென்டார்ஃபும்தான். நவம்பர் 11-இல் ரயில் பெட்டியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட அனுப்பப்பட்டவரோ மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. சண்டை பெரும்பாலும் அடுத்தவன் மண்ணில் நடந்ததால், பெரும்பாலான ஊர்களில் ஓர் ஓடுகூட உடையவில்லை. தோல்வியைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. புதிய குடியரசின் தற்காலிக அரசுக்குத் தலைமை தாங்கிய ஃபிரீட்ரிக் ஏபர்ட்கூட, அந்த டிசம்பரில் பெர்லினுக்குத் திரும்பிய படைவீரர்களை, எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்ற பொருளில் பேசித்தான் வரவேற்றார். அடிபட்டு வந்தவர்களுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை என்று நினைத்திருப்பார். மறு வருஷம் விசாரணைக் குழு முன்பு வந்து நின்ற ஹிண்டன்பர்க், படை தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்றார். 1921-இல் எர்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். 1922-இல் வெளியுறவு அமைச்சர் வால்டர் ராதனாவை, அவர் ஒரு யூதர், நடுத்தெருவில் கொன்றார்கள். ஆறுதல் சொன்ன ஏபர்ட்டுக்கும் துரோகி என்ற பட்டம் கிடைத்தது.

ஆறுதலுக்குப் பொய் சொல்வது எங்களுக்கும் கைவந்ததுதான். கண்மாய் வற்றி, உளுந்தும் மக்காச்சோளமும் காலை வாரிய வருஷங்களில், பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட வீடுகளில், பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. "நாம ஆண்ட பரம்பரைல" என்றோம். ஒரு சாதியில் மட்டுமா, எல்லாச் சாதியிலும் அவரவர் திண்ணையில் சொன்னோம். அத்தனை பேரும் ஆண்டிருந்தால் ஆளப்பட்டவர் யார் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்கும்படி நாங்கள் வளர்க்கவில்லை. ஆண்ட வீட்டுப் பேரன் எதற்காக நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்குகிறான் என்ற கேள்விக்கு, பொய்யிலிருந்து ஒரே பதில்தான் கிடைக்கும்: எவனோ பிடுங்கிக்கொண்டான். அந்த 'எவனோ' யார் என்று நாங்கள் சொல்லவில்லை. பையன்களே அடுத்த தெருவைப் பார்த்து நிரப்பிக்கொண்டார்கள்.

இரண்டாவது, பணவீக்கம். இதில் நாங்கள் வருஷத்தையே குழப்பிவிட்டோம். போருக்கு முன்பு ஒரு டாலருக்கு நாலே கால் மார்க்குக்கும் குறைவு. 1923 நவம்பரில் ஒரு டாலர் 4,20,000 கோடி மார்க். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்துக்கு ஒரு ரொட்டி கிடைக்காத காலம் அது. அதே நவம்பரில்தான் ஹிட்லர் மியூனிக்கில் ஒரு பீர்க்கூடத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு புரட்சி என்றார். மறுநாளே அடங்கிப்போனது. 1928 தேர்தலில் அவருடைய கட்சிக்கு விழுந்தது 2.6 சதவீதம், இடங்கள் 12. பணம் தாளாகிப் போனபோது வராத ஆள், பணம் சரியாகி நாலைந்து வருஷம் கழித்தும் வரவில்லை. 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து, பிரதமர் ப்ரூனிங் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டத் தொடங்கிய பிறகுதான் 1930-இல் 18.3 சதவீதம், 1932 ஜூலையில் 37.3 சதவீதம், 230 இடங்கள். அப்படியானால் பணவீக்கத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. அது நம்பிக்கையைக் கரைத்தது. சேமித்தவன் ஏமாளி, சட்டப்படி நடந்தவன் முட்டாள் என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு குடியேறியது. ஏழெட்டு வருஷம் கழித்து இரண்டாவது அடி விழுந்தபோது, குடியரசைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றும்படி பலரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மூன்றாவது, வேலையின்மை. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர் 60 லட்சம். அந்த 60 லட்சம் பேர்தான் ஹிட்லரைத் தூக்கிவிட்டார்கள் என்கிற மாதிரி நடத்தினோம். வேலை போன தொழிலாளிகளில் பலர் கம்யூனிஸ்டுகள் பக்கம்தான் போனார்கள். ஹிட்லருக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் சிறு விவசாயிகள், கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், ஓய்வூதியக்காரர்கள். அதுவும் புராட்டஸ்டன்ட் பகுதிகளில், சிற்றூர்களில். 1932 ஜூலையில் பெர்லினில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கூட விழவில்லை. வடக்கே, மாடும் வயலுமாக இருந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் பாதிக்கு மேல் விழுந்தது. நாங்கள் பிள்ளைகளுக்குப் பெர்லினை நடத்தினோம். ஜெர்மனியின் பனவடலிசத்திரங்களை விட்டுவிட்டோம்.

அப்படி ஓர் ஊரை வில்லியம் ஷெரிடன் ஆலன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் வீடுவீடாகத் துருவிப் பார்த்திருக்கிறார். நோர்த்ஹைம் என்ற, பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஊர். 1965-இல் வந்த அவருடைய நூலில் ஊர்ப் பெயரைக்கூட மாற்றித்தான் போட்டார். அங்கே ஹிட்லரின் நாஜிக் கட்சியில் முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் புத்தகக் கடைக்காரர். படித்தவர், பண்பானவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவரே இருக்கிறார் என்றால் அந்தக் கட்சி நல்ல கட்சியாகத்தான் இருக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டது. தெருவில் அடிதடி செய்த, ஹிட்லரின் பழுப்புச் சட்டைக்காரர்களால் கொண்டுவர முடியாத மரியாதையை அந்தச் சாது கொண்டுவந்தார்.

இதைப் படித்தபோது எங்களுக்குக் கொடைவிழா ஃபிளெக்ஸ் ஞாபகம் வந்தது. நடுவில் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு தலைவர் படம், ஒரு பக்கம் சிங்கமோ புலியோ, இன்னொரு பக்கம் அருவாள், மேலே அடுத்த தெருவுக்குக் கேட்கட்டும் என்று எழுதிய வாசகம். கீழே வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸில் நாங்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், உரக்கடை அண்ணாச்சி, மாஜி உறுப்பினர். பையன்கள் வந்து, "ஒங்க போட்டோவும் இருந்தா நல்லாருக்கும் சார்" என்று கேட்டார்கள். ஐந்நூறு ரூபாயும் போட்டோவும் கொடுத்தோம். வாசகம் என்ன என்று கேட்கவில்லை. அந்த அருவாளுக்கு மரியாதை தேடிக் கொடுத்தது எங்கள் முகங்கள்.

நான்காவது, பலவீனமான அரசு. இதை எழுதவைக்கும்போது, யாரிடம் பலவீனம் என்று கேட்டிருக்க வேண்டும். 1919-இல் மியூனிக்கில் சோவியத் குடியரசு அமைத்த யூஜின் லெவீனேக்கு மரண தண்டனை விதித்து அதே ஊரில் சுட்டுக் கொன்றார்கள். நாலு வருஷம் கழித்து, அதே ஊரில் துப்பாக்கி தூக்கிய ஹிட்லரால் போலீஸார் நாலு பேர் செத்தார்கள். நீதிமன்றம் அவரை மணிக்கணக்கில் பேசவிட்டுக் கேட்டது. ஐந்து வருஷத் தண்டனை விதித்தது. அந்நிய நாட்டுப் பிரஜை என்று ஆஸ்திரியாவுக்கு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. 1924 டிசம்பரில், தீர்ப்பு வந்து ஒரு வருஷம்கூட முடியாமல், வெளியே விட்டது. தேசபக்தி கொஞ்சம் அளவு மீறிவிட்டது, நல்ல பையன்தான் என்ற நினைப்பு அந்தத் தீர்ப்பில் இருந்தது.

'நல்ல பையன்தான்' என்று தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் எங்களிடமும் உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் சாப்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். போட்டவர்கள் நாலு பேர், நாலு பேர் கையிலும் ஒரே நிறத்தில் கயிறு. ஆசிரியர் அறையில் கூடிப் பேசினோம். எழுதி வாங்கினால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் பேப்பரில் வரும், பையன்கள் எதிர்காலம் போய்விடும் என்றோம். எந்தப் பையன்களின் எதிர்காலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. "வெளயாட்டுக்குச் செஞ்சிருப்பானுவ, விடுங்க சார்" என்று முடிந்தது. மண் விழுந்த சோற்றை வாசலில் கொட்டிவிட்டு வந்த பையன் பிற்பகல் முழுக்க மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு இந்த ஹிட்லர் பாடம்தான் நடந்தது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். நடந்தது பருவக்காற்று. பாடம் முடிந்து மணி அடித்ததும் அவரவர் வீட்டுக்குப் போனோம்.

சாதியைக் காட்டும் அந்தக் கயிற்றைப் பற்றித் தெரியாது என்று நாங்கள் சொல்ல முடியாது. சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீரசிகாமணியில், 1995 ஜூலையில் ஒரு பஸ்ஸில் மாணவருக்கும் ஓட்டுநருக்கும் நடந்த தகராறு சாதிக் கலவரமாகித் தென்மாவட்டங்களையே பற்றவைத்ததை எங்களில் பாதிப்பேர் பார்த்திருக்கிறோம். ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்தில் போலீஸே புகுந்து வீடுகளை நொறுக்கியது. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்குக் கலவரம் வந்து, கடைசியில் மாவட்டங்களிலும் கழகங்களிலும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸிலிருந்து பெயரை அழித்தார்கள். பையன்களின் மணிக்கட்டில் அது கயிறாக வந்து உட்கார்ந்தது. 2019-இல் கயிற்றைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் பழைய நிலையே தொடரும் என்றார் அமைச்சர். அந்தச் சுற்றறிக்கைக்கு ஆதரவாக எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து நாங்கள் ஒரு தபால் கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை.

பலவீனமான அரசு என்ற குறிப்புக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 1930 முதலே ஜெர்மனியில் நாடாளுமன்றத்தை ஓரங்கட்டி, ஜனாதிபதியின் அவசர ஆணைகளால் ஆட்சி நடத்திப் பழகிவிட்டார்கள். ஹிட்லர் வந்து பூட்டுவதற்கு முன்பே கதவு பாதி சாத்தியிருந்தது. 1932 நவம்பர்த் தேர்தலில் அவர் 20 லட்சம் ஓட்டுகளை இழந்தார். 230 இடங்கள் 196 ஆயின. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100, இரண்டும் சேர்ந்தால் 221. சேரவில்லை. யார் உண்மையான தொழிலாளி கட்சி என்று ஒருவரை ஒருவர் குதறிக்கொண்டிருந்தார்கள். இறங்குமுகத்தில் இருந்த ஹிட்லரைக் கூப்பிட்டுப் பிரதமர் நாற்காலியில் உட்காரவைத்தவர்கள், ஓட்டு இல்லாத பெரிய மனிதர்கள். முன்னாள் பிரதமர் ஃபிரான்ஸ் ஃபான் பாப்பன் பேசி முடித்தார், அப்போது ஜனாதிபதியாக இருந்த 85 வயது ஹிண்டன்பர்க் கையெழுத்துப் போட்டார். 1933 ஜனவரி 30-இல் பதவியேற்ற அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். மற்றவர்கள் எல்லாரும் நம் ஆட்கள், பையனைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது பாப்பனின் கணக்கு.

இந்தக் கணக்கையும் நாங்கள் போட்டிருக்கிறோம். தேர்தல் வந்தால் தெருவுக்கு நாலு முரட்டுப் பையன்கள் தேவை. எந்தக் கட்சிக்கும் தேவை. ஃபிளெக்ஸுக்குப் பணம், வண்டிக்குப் பெட்ரோல், ராத்திரிச் சாப்பாடு. "நம்ம சொன்னா கேப்பானுவ" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம். தேர்தல் முடிந்த பிறகு அந்தப் பையன்கள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

இரும்புக்கரம் என்றால் எங்களுக்கு ஆதியிலிருந்தே ஓர் ஆசை. 1914 செப்டம்பர் 22-இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயரை எடுத்து, கெட்டிக்காரனுக்கு 'எம்டன்' என்று பட்டம் சூட்டிய மொழி நம்முடையது. வெள்ளைக்காரனை அடித்தவன் மேல் வந்த பிரியம் அது, போகட்டும். நேதாஜி பெயரைச் சொல்லி வளர்ந்த ஊர்கள் இவை. அவர் 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்ததைச் சொல்லிச் சொல்லி, ஹிட்லர் ஏதோ நமக்கு மாமன் முறை என்பதுபோல் ஆக்கிவிட்டோம். அவர் கேட்டுப் போன விடுதலை ஆதரவு அறிவிப்பு ஹிட்லரிடம் கிடைக்கவில்லை என்பதையும், 1943 பிப்ரவரியில் அவர் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே கிளம்பிவிட்டார் என்பதையும் சொல்லவில்லை. ஹிட்லரின் சுயசரிதை பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் தமிழில் தொங்குகிறது. இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதே மேல் என்று அவர் அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். வாங்கி வைத்திருக்கிற எங்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் வரை போனோம்?

1975-இல் நெருக்கடி நிலை வந்தபோதும் இதே ஆசைதான். 1976 ஜனவரி 31-இல் மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. பேப்பரில் பாதி வெள்ளையாக வந்தது. "ரயில் நேரத்துக்கு வருது, ஆபீசர் சீட்டுல இருக்கான்" என்றோம். 1977 மார்ச்சில் இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றபோது, தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34-ஐ அவருடைய கூட்டணிக்குக் கொடுத்தோம். எம்.ஜி.ஆர். அலை உட்பட அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. இந்திரா ஹிட்லர் அல்லர். தேர்தல் வைத்தார், தோற்றார், இறங்கினார். இங்கே பேச்சு அவரைப் பற்றியது அல்ல. சிறையில் யார் இருக்கிறார்கள், என்ன ஆனார்கள் என்று அந்த இரண்டு வருஷத்தில் கேட்காமலே இருந்த எங்களைப் பற்றியது.

ஐந்தாவது காரணம் பேச்சாற்றல். மேடைப்பேச்சைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு ரொம்பப் பிடித்த காரணம். பிள்ளைகளும் இதைத்தான் நீட்டி எழுதுவார்கள். ஆனால் 1928-இல் 2.6 சதவீதம் வாங்கிய தொண்டையும் 1932-இல் 37.3 சதவீதம் வாங்கிய தொண்டையும் ஒன்றுதான். மாறியது காது. அதே பேச்சு நாலு வருஷத்துக்கு முன்பு கிறுக்குத்தனமாகக் கேட்டது, இப்போது நியாயமாகக் கேட்டது. ஒருநாளில் அப்படி மாறாது. சாப்பாட்டு மேசையில் ஒரு கேலி, கடையில் ஒரு தலையாட்டல், பிள்ளை ஏதோ சொல்லும்போது அப்பன் சும்மா இருப்பது, இப்படிச் சிறுகச் சிறுகத்தான் மாறும்.

ஐந்தும் முடிந்துவிட்டது. ஆனால் ஹிட்லர் இன்னும் சர்வாதிகாரி ஆகவில்லை. 1933 பிப்ரவரி 27-இல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, மறுநாளே அடிப்படை உரிமைகள் ஓர் ஆணையில் போயின. அந்தப் பயத்துக்கு நடுவில் மார்ச் 5-இல் நடந்த தேர்தலிலும் அவருக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான். அப்போதும் பாதியை அவர் தாண்டவில்லை. மிச்சத்தை மார்ச் 23-இல் மற்றவர்கள் கொடுத்தார்கள். நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கேட்டார். மண்டபத்துக்குள் பழுப்புச் சட்டைக்காரர்கள் நின்றிருந்தார்கள். கம்யூனிஸ்டுகளை உள்ளே வரவே விடவில்லை. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அவர்கள் சார்பில் ஓட்டோ வெல்ஸ் எழுந்து பேசினார். கத்தோலிக்கர்களின் மையக் கட்சி, தங்கள் பள்ளிகளுக்கும் திருச்சபைக்கும் வாக்குறுதி கிடைத்ததே என்று ஆதரித்தது.

ஆதரித்த 444 பேரில் தியோடோர் ஹோய்ஸ் என்றொருவர் இருந்தார். நல்லவர், படித்தவர், தாராளவாதி. அதற்கு முந்தின வருஷம்தான் ஹிட்லரை விமர்சித்துப் புத்தகமே எழுதியிருந்தார். கட்சியில் ஐந்தே உறுப்பினர்கள். அவருக்கு மனமில்லை, கட்சியில் பெரும்பான்மையோர் ஆதரிக்கலாம் என்றார்கள், அவரும் ஆதரித்தார். ஏழு வாரம் கழித்து, மே 10-இல் மாணவர்கள் கொளுத்திய நெருப்பில் அவர் புத்தகமும் போனது. போர் முடிந்து, 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு, 1949-இல் அவர் மேற்கு ஜெர்மனியின் முதல் ஜனாதிபதியானார். நாடு முழுவதும் குற்றவாளி என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. கூட்டு வெட்கம் என்ற ஒரு சொல்லைச் சொன்னார். அந்தச் சொல்லை எங்கள் ஊருக்கும் எடுத்துக்கொள்ளலாம். மண்ணை அள்ளிப் போட்டது நாங்கள் அல்ல. ஆனால் வெட்கம் எங்களுடையது.

வெட்கப்படுவதிலும் ஒரு தந்திரம் உண்டு. 1945 அக்டோபரில் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் திருச்சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் கூடி, நாங்கள் போதுமான துணிச்சலோடு நிற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் மார்ட்டின் நீமொல்லர். ஒருகாலத்தில் நாஜிகளுக்கு ஓட்டுப் போட்டவர், பிறகு ஹிட்லரின் முகாமில் வருஷக்கணக்கில் கிடந்தவர். அரிய அறிக்கைதான். ஆனால் அதில் யூதர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், கொல்லப்பட்டவர் யார் என்பதை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கட்டுரையும் இதுவரை அதையேதான் செய்திருக்கிறது. 'எல்லாச் சாதியிலும்' என்றோம், 'ஒரு பையன்' என்றோம். சாப்பாட்டில் மண் விழுந்த பையன் தலித். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையை வெளியே சொன்னதற்காக வீடு புகுந்து வெட்டப்பட்ட மாணவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் தலித்துகள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறும் சாதி அடையாளங்களும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. அறிக்கை வந்த வாரம் டீக்கடையில் அதைப் பற்றி இரண்டு நாள் பேசினோம். மூன்றாம் நாள் கிரிக்கெட்.

ஹிட்லர் வந்தது தோற்ற நாட்டில். தோற்ற நாடு என்றால் போரில் தோற்ற நாடு மட்டுமல்ல. மழை தோற்ற ஊர், வேலை தோற்ற வீடு, பரீட்சையில் தோற்ற பையன், எங்கும் அந்த வலி இருக்கிறது. வலியைக் கேட்டு ஆற்ற ஆள் இல்லாத இடத்தில், அதற்கு ஓர் எதிரியைக் காட்டிக்கொடுக்க ஆள் வந்துவிடுகிறான். அவன் வருவதற்கு முன்பு அந்த இடத்தில் நாங்கள்தான் இருந்தோம். வாத்தியாராக, அண்ணாச்சியாக, அப்பனாக.

செய்யக்கூடியதெல்லாம் சின்னச் சின்ன வேலைதான். வாசகத்தைப் படிக்காமல் ஃபிளெக்ஸுக்குப் போட்டோ கொடுக்க மாட்டோம். வீட்டுப் பிள்ளை கையில் கயிற்றைப் பார்த்தால், யார் கட்டிவிட்டது என்று கேட்போம். எழுதிக் கொடுக்க வருகிற பிள்ளையிடம் தாளும் பேனாவும் கொடுப்போம். டீக்கடையில் யாராவது "ஹிட்லர் வரணும்" என்றால், பஸ்ஸைப் பார்க்காமல், "வேண்டாம் அண்ணாச்சி, அவன் வந்தா மொதல்ல இந்தக் கடையில பேச்சு நிக்கும்" என்று சொல்வோம்.

அப்புறம் அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி. கரும்பலகையில் ஐந்து குறிப்புக்குக் கீழே இனி ஒரு வரி கூடுதலாக எழுதிப்போடும்படி ஊரின் வாத்தியார்களைக் கேட்டுக்கொள்கிறோம்: 6. தங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருந்தது. விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் கிடையாது, தெரியும். அந்த வரி எழுதிய தாள் திருத்துகிற உங்கள் கைக்கு வந்தால், சிவப்பு மையால் மட்டும் அடித்துவிடாதீர்கள்.